பாறணை இல்லாத விரதம்

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எங்கே மூன்று சுழி, எங்கே இரண்டு சுழி என்பதில் இன்றைக்கும் எனக்குத் தடுமாற்றம்தான். நாலாம் வகுப்போடு நின்றவன். அதற்குப் பிறகு காணி உறுதிக்குக் கையெழுத்து வைக்க மட்டும்தான் பேனை பிடித்திருக்கிறேன். வாசிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பிழையோடு என்றாலும் எழுதி வைக்க வேண்டிய ஒரு மனிதர் இருந்தார்.

அவருடைய பெயரை நான் எழுதப்போவதில்லை. பிள்ளைகள் இருக்கிறார்கள். தங்கள் தகப்பனுடைய வயிற்றைப் பற்றி எவனோ எழுதினான் என்று அவர்களுக்கு மனவருத்தம் வரக்கூடாது. நான் அவரை அண்ணை என்று கூப்பிட்டேன். ஊரில் மற்றவர்கள் அவருக்குப் பின்னால் 'ரெண்டாள்' என்பார்கள்.

அந்தப் பெயர் வந்தது துலாவால். சண்டிலிப்பாயில் அவருடைய தோட்டத்துக்கும் என் தோட்டத்துக்கும் ஒரே கிணறு. புகையிலைக் கன்றுக்குத் துலா மிதித்துத்தான் தண்ணீர் இறைத்தோம். ஆடுகாலின் மேல் குறுக்கே கிடக்கிற நீண்ட மரம் துலா. அதன் ஒரு நுனியில் கொடி கட்டி, கொடியில் தண்ணீர் அள்ளுகிற ஓலைப் பட்டை தொங்கும். மரத்தில் ஏறிக் கிணற்றுப் பக்கம் நடந்தால் பட்டை தண்ணீருக்குள் இறங்கும். திரும்பி அடிப்பக்கம் நடந்தால் நிறைந்த பட்டை மேலே வரும். இதற்கு மற்றத் தோட்டங்களில் இரண்டு பேர் ஏறுவார்கள். எங்கள் துலாவில் அண்ணை ஒருவர் ஏறினால் போதும். அவ்வளவு பெரிய உடம்பு, ஆனால் மரத்தின் மேல் கோயில் யானை போல ஒரு தப்படி பிசகாமல் நடப்பார். பட்டை தானாக எழும்பி வரும். நான் கிணற்று வாயில் நின்று கொடியைப் பிடித்து, பட்டையைச் சரித்து வாய்க்காலில் ஊற்றுவேன். அவருடைய மனைவி, நான் அண்ணி என்று கூப்பிடுபவர், மண்வெட்டியோடு பாத்தி பாத்தியாகத் தண்ணீரை மாற்றிவிடுவார்.

நான் ஆட்களுடைய முகத்தைப் பார்த்துக் கதைக்கக் கூச்சப்படுகிறவன். அண்ணை மேலே, நான் கீழே. முகம் பார்க்காமல் கதைக்கலாம். எங்களுக்குள் சிநேகம் வந்தது அப்படித்தான் என்று நினைக்கிறேன்.

முகம் பார்க்காததால் அவருடைய மூச்சு கேட்டது. அந்த வருஷம் புகையிலை நட்டு முதல் இறைப்பிலேயே கேட்டது. அடிப்பக்கம் போகும்போது ஒரு மாதிரி, கிணற்றுப் பக்கம் வரும்போது இன்னொரு மாதிரி, துருத்தி ஊதுவது போல. என் தலைக்கு நேர் மேலே அந்த உடம்பு, எனக்கு நேர் கீழே கிணறு. ஒவ்வொரு முறை அவர் என் பக்கம் வரும்போதும் மனதுக்குள் முருகா என்பேன். அவர் திரும்பின பிறகுதான் எனக்கு மூச்சு வரும்.

ஒருநாள் அவர் நடுமரத்தில் அப்படியே குந்திவிட்டார். துலா ஆட்டங்கண்டு, பட்டை கிணற்றுக் கட்டில் அடிபட்டுக் கிழிந்தது. அண்ணி மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"இஞ்சாருங்கோ! என்ன செய்யுது?"

"ஒண்டுமில்லை. பட்டை கிழிஞ்சுபோச்சு, அதைப் பார்."

மருந்துச்சாலைக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். அங்கே வைத்தியம் பார்த்த அப்போதிக்கரி வயதான மனிதர். குழாயை நெஞ்சில் வைத்துக் கனநேரம் கேட்டார்.

"நெஞ்சு இந்த உடம்பைச் சுமக்கமாட்டன் எண்டு சொல்லுது. உடம்பு குறைய வேணும். குறையாட்டி ஒருநாள் மரத்திலை நிண்டபடியே விழுவீர்."

அண்ணை தலையாட்டினார். மருந்துச்சாலைப் படியிலேயே எனக்குச் சொன்னார், "குறைக்கிறது பெரிய வேலையில்லைத் தம்பி. நான் நினைச்சால் நினைச்சதுதான்."

அது உண்மை. அவரைப் போல ஒன்றை நினைத்துக்கொண்டு நின்றவரை நான் கண்டதில்லை. மூத்த மகளுக்குக் காய்ச்சல் வந்தபோது, நல்லூர்த் தேர் வரைக்கும் வெற்றிலை தொடமாட்டேன் என்று நேர்த்தி வைத்தார். முன்பு வாயில் வெற்றிலை இல்லாமல் அவருக்கு வார்த்தை வராது. நேர்த்தி வைத்த நாளிலிருந்து ஒரு காம்புகூடக் கிள்ளவில்லை. தேரன்று தேர் இருப்பிடத்துக்கு வந்ததும் கோயில் வீதியிலேயே குந்தியிருந்து வெற்றிலை போட்டார். ஒன்று, அதற்கு மேல் ஒன்று. வீட்டுக்கு வரும்போது வாய் வெந்துபோய்ச் சோறு தின்ன முடியவில்லை. அதுதான் அவர். ஒரு நாள் குறித்துக் கொடுத்தால் அந்த நாள் வரைக்கும் மலை போல நிற்பார். அந்த நாள் வந்தால், அவ்வளவுதான்.

உடம்பு குறைக்கவும் அவர் நாள் குறித்துத்தான் தொடங்கினார். முதலில் அளவெட்டியில் நாட்டு வைத்தியம் பார்க்கிற பரியாரியாரிடம் போனார். பரியாரியார் ஒரு மண்டலம் கொள்ளுக் கஞ்சி, உப்பில்லாத கறி, பகலில் மட்டும் ஒரு பிடி சோறு என்று பத்தியம் சொன்னார். அண்ணை ஒரு பருக்கை அதிகமாகச் சாப்பிடவில்லை. எனக்குக் கையிலேயே தெரிந்தது. கொடி தொய்ந்து வந்தது. பட்டை முன்போலச் சடாரென்று எழும்பவில்லை. மூச்சும் தணிந்திருந்தது. நான் சந்தோஷப்பட்டேன்.

மண்டலம் முடிந்தது. பத்தியம் என்றால் முறிக்கத்தானே வேண்டும். அண்ணி ஆட்டிறைச்சி வாங்கிக் காய்ச்சினார். சகோதரங்கள் எல்லாரும் வந்தார்கள். எனக்கும் சொன்னார்கள். அன்றைக்கு அண்ணை சாப்பிட்ட சாப்பாட்டை நான் எழுதப்போவதில்லை. அடுத்த மாதம் துருத்தி திரும்பவும் ஊதியது.

பிறகு வெள்ளிக்கிழமை விரதம் பிடித்தார், அதோடு செவ்வாயும் சேர்ந்தது. காலையில் பச்சைத் தண்ணீர். ஆனால் விரதச் சாப்பாடு எங்கள் பக்கத்தில் எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். மத்தியானம் ஒரு நேரம் என்றாலும் மரக்கறி அத்தனையும் வேண்டும், வடை வேண்டும், பாயசம் வேண்டும், வாழைப்பழம் வேண்டும். இரவில் சோறு கூடாது, ஆனால் பலகாரம் கூடும். நெய்த் தோசையும் பாலும் சோறில்லையே.

"விரதம் பிடிக்கப் பிடிக்க உங்களுக்கு வேட்டி சுத்தக் காணாமல் வருது" என்று அண்ணி சொன்னார்.

"சுவாமிக்குப் படைச்சதை விடுறதோ?"

"சுவாமி ஒரு வடையிலை விட்டுடுவார்."

"உனக்கு என்ரை விரதத்திலை பகிடி."

பகிடி என்று அண்ணி நினைக்கவில்லை. வாய்க்கால் ஓரத்தில் குனிந்து நின்றபடி அண்ணை நடக்கிற நடையைக் கண்ணால் எண்ணிக்கொண்டே இருப்பார். ஒரு பாத்தி நிறைந்து வரம்பு உடைத்துப் பாய்ந்தாலும் தெரியாது.

கந்தசஷ்டி வந்தது. ஆறு நாளும் கோயிலில் கிடந்து தண்ணீரும் மிளகும் மட்டும். ஏழாம் நாள் விடிய முன்னம் விரதம் முடிக்கிற சாப்பாடு, பாறணை. ஆறு நாள் காய்ந்த வயிற்றில் அவர் கொட்டிய சோறு அவரை விழுத்திவிட்டது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு பாயில் புரண்டார். வண்டில் கட்டித் திரும்பவும் அதே மருந்துச்சாலை, அதே அப்போதிக்கரி.

இந்த முறை அண்ணை கைகட்டிக்கொண்டு கேட்டார், "ஐயா, நீங்கள் சொல்லுங்கோ. எது சாப்பிடலாம், எது ஏலாது, எல்லாம் நான் நிப்பன். எத்தினை நாளைக்கு எண்டு மட்டும் சொல்லுங்கோ."

"நாள் கணக்கில்லை."

"ஒரு தவணை இருக்குமே ஐயா."

"இல்லை. இருக்கிற காலம் முழுக்க. நாளைக்கும் செய்யக்கூடியது எதுவோ அதைச் செய்யும். ஆறு நாள் கிடந்து ஏழாம் நாள் செத்துப்போறதைச் செய்யாதையும்."

அண்ணையின் முகம் வெளுத்ததை அன்றைக்கு நான் பார்த்தேன். நெஞ்சுவலியில்கூட அப்படி வெளுக்கவில்லை. முடிவு நாள் இல்லாத ஒன்றை அவருக்குச் செய்யத் தெரியாது. அது எனக்கும் தெரியும்.

வீட்டில் அண்ணி கேட்டதும் அழத் தொடங்கிவிட்டார். உயிர் உள்ளவரைக்கும் பத்தியம் என்றால் அது பிழைக்காத நோயாளிக்குச் சொல்கிறது என்றுதான் எங்கள் சனம் விளங்கிக்கொள்ளும். பின்னேரத்துக்குள் ஒழுங்கை முழுக்க அந்தக் கதை போய்விட்டது. நோய் விசாரித்து வருத்தம் பார்க்க ஆட்கள் வந்தார்கள். வெறுங்கையோடு வருத்தம் பார்க்க வரமாட்டார்கள். ஒருவர் பாணும் வாழைப்பழமும், ஒருவர் பயற்றம் பணியாரம், அண்ணையின் மாமி ஒருத்தி ஒரு சட்டி எள்ளுருண்டை.

"வாய்க்குப் பிடிச்சதைச் சாப்பிடடா மோனை" என்று அந்த மாமி அவர் தலையைத் தடவினார். "இனி ஆருக்காக நாக்கைக் கட்டுறது?"

அண்ணியும் அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டார். போகப்போகிற மனிதனைப் பட்டினி போட எந்த மனிசிக்கு மனம் வரும்? மத்தியானம் மறுசோறு, அதற்கு மேல் இன்னொரு அகப்பை. அண்ணையும் சாப்பிட்டார். நான் நாளும் போய் அவர் வாசலில் நின்றுவிட்டு வருவேன்.

இறைப்பு நிற்கமுடியாது. கன்று வாடும். ஒருநாள் காலை அண்ணை தானாக வந்தார். துலாவில் ஏறவில்லை. கிணற்றுக் கட்டில் இருந்தார்.

"தம்பி, சோறு விடேலுமோ?"

"ஏலாது அண்ணை."

"உன்னையில்லையடா, என்னைக் கேக்கிறன்." கொஞ்சம் சிரித்தார். "சோறு விடேலாது. ஆறு நாளெண்டால் விடலாம். சாகுமட்டும் ஏலாது. பரியாரியற்றை கஞ்சி? அதுவும் ஏலாது. அப்ப எது ஏலும்? நான் ராவெல்லாம் யோசிச்சன். ஒவ்வொண்டையும் எடுத்து வைச்சுக்கொண்டு கேட்டன். இதைக் கலியாண வீட்டிலை செய்யேலுமோ? செத்த வீட்டிலை ஏலுமோ? பொங்கலுக்கு ஏலுமோ? மனிசி கோவிச்சுக்கொண்டு நிக்கேக்கை ஏலுமோ?"

வாய்க்காலிலிருந்து அண்ணி நிமிர்ந்தார். "நான் எப்ப கோவிச்சனான்?"

"இப்ப."

எனக்குச் சிரிப்பு வந்தது. கனநாளைக்குப் பிறகு வந்த சிரிப்பு.

அவர் யோசித்து எடுத்தது பெரிய விஷயமில்லை. மத்தியானம் ஒருமுறை போட்ட சோறு, மறுசோறு இல்லை. கீரையும் கறியும் எவ்வளவும் சாப்பிடலாம். இரவில் குரக்கன் புட்டு, ஒரு குழலை இரண்டாய் உடைத்துப் பாதி அவருக்கு, பாதி அண்ணிக்கு. ஆரும் ஏதும் கொண்டுவந்தால் ஒரு கடி கடித்துவிட்டு மிச்சத்தைப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது.

"பனங்கட்டி?" என்று அண்ணி கேட்டார். அவர் ஒவ்வொரு தேத்தண்ணிக்கும் பனங்கட்டி கடிக்கிறவர்.

"அது விடேலாது. விடேலாததை விடுறன் எண்டு சொல்லிப்போட்டு நாளைக்குக் களவாய்க் கடிக்கிறதோ? அது நிக்கட்டும். சின்னத் துண்டாய் உடைச்சுத் தா."

"இதாலை குறையுமோ?" என்று அண்ணி திரும்பக் கேட்டார்.

"ஆறுதலாய்க் குறையும். குறையாட்டியும் இதுக்கு மேலை கூடாது."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆறு நாள் பட்டினி கிடந்த மனிதருக்கு இது என்ன கணக்கு என்று நினைத்தேன். இன்னொரு பயமும் இருந்தது. மறுசோறு வேண்டாம் என்று அவருக்குச் சொல்ல வராது. ஆரும் அன்போடு அகப்பையை நீட்டினால் அவர் கை தானாக விலகிவிடும். எங்கள் ஊரில் வேண்டாம் என்று இலையை மறைத்தால் அது முகத்தை மறைத்தது போல.

பண்டத்தரிப்பில் ஒரு கலியாணம் வந்தது. பெண் வீட்டுக்கு அண்ணை நெருங்கின சொந்தம். நானும் பந்தியில் அவருக்குப் பக்கத்தில் இருந்தேன். முந்தி நாலு வாயில் இலையைத் துடைக்கிறவர், அன்றைக்குச் சோற்றைப் பிசைந்தார், பிசைந்தார். ஒரு சின்ன உருண்டை எடுத்து வாயில் வைத்துக் கனநேரம் மென்றார். பரிமாறுகிறவன் மறுசோறு கொண்டுவந்தான். இலையில் இன்னும் சோறு கிடந்தது. தாண்டிப் போய்விட்டான். திரும்ப வந்தான். இன்னும் கிடந்தது. திரும்பவும் போனான். அப்போதுதான் எனக்கு விளங்கியது. அவர் ஆருக்கும் வேண்டாம் என்று சொல்லவே இல்லை.

ஆனால் பந்தி முழுக்கச் சாப்பிட்டு முடிந்துவிட்டது. ஒருவர் இலையில் இருக்கும்போது மற்றவர்கள் எழும்பக்கூடாது. பின்னால் அடுத்த பந்திக்கு ஆட்கள் வந்து நின்றார்கள். ஒரு கிழவர் சொன்னார், "ரெண்டாள் இண்டைக்கு அரையாளாய்ப் போனார்." எல்லாரும் சிரித்தார்கள். பெண்ணின் தகப்பன் சிரிக்கவில்லை. ஓடிவந்து குனிந்தார்.

"என்ன அண்ணை, கறியிலை ஏதும் பிழையோ?"

"சீ, நல்லாயிருக்கு."

"அப்ப ஏன் வைச்சுப் பிசையிறியள்? இருத்தின இடம் சரியில்லையோ? ஆரும் ஏதும் சொல்லிப்போட்டினமோ?"

தகப்பனுடைய முகம் கறுத்துக்கொண்டு வந்தது. சொந்தக்காரர் கோவத்தில் சாப்பிடாமல் இருக்கிறார் என்று நினைத்துவிட்டார். மாப்பிள்ளை பகுதியார் எட்டிப் பார்த்தார்கள். அண்ணைக்கு நெற்றியில் வேர்த்தது. அவர் கை அகப்பைக்காரனைப் பார்த்து எழும்பியது. மறுசோறு கேட்கப்போகிறார், இந்த மனிதரைச் சமாதானப்படுத்த. அந்தச் சபையில் நான் வாய் திறந்தேன். வாழ்க்கையில் சபையில் கதைத்தது அந்த ஒரு முறைதான்.

"அண்ணை இனி இப்பிடித்தான் சாப்பிடுவார்" என்றேன்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். காது சுட்டது. அண்ணை கையைக் கீழே வைத்தார். அடுத்த உருண்டையை உருட்டினார். பந்தி காத்திருந்தது.

உடம்பு எப்போது குறையத் தொடங்கியது என்று எனக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள் அவர் அடிப்பக்கம் முழுக்கப் போய் நின்றும் பட்டை தண்ணீரில் இருந்து எழும்பவில்லை. மறுநாள் அவர் ஒரு கல்லைத் துலாவின் அடியில் கயிறு போட்டுக் கட்டினார். கல் கட்டினதால் பட்டை எழும்பியது, ஆனால் இறங்கவில்லை. நான் கொடியில் தொங்கி இழுத்து இறக்க வேண்டி வந்தது. இரவில் தோள் வலிக்கும். அந்த நோவை நான் ஆருக்கும் சொல்லவில்லை. பிறகு அந்தக் கல்லோடு இன்னொரு கல் ஏறியது. கல்லைக் கட்டி மிதிக்கிறார் என்று ஊர் சிரித்தது. அண்ணி சிரிக்கவில்லை. ஒவ்வொரு கல்லையும் போய்த் தடவிப் பார்த்துவிட்டுத்தான் மண்வெட்டியை எடுப்பார்.

அப்படியும் எனக்குப் பயம் விடவில்லை. அண்ணையின் தாய் செத்தபோது, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சாப்பாட்டில் அவர் அழுதழுது சாப்பிட்டார். தாய்க்குப் பிடித்த கறி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக் கேட்டு வாங்கினார். மறுசோறு, அதற்கு மேலும். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். முடிந்தது என்று நினைத்தேன். ஒருமுறை முறிந்தால் அவர் திரும்பத் தொடங்க அடுத்த நாள்கோள் பார்க்க வேண்டும், அதற்குள் நெஞ்சு நின்றுவிடும்.

மறுநாள் விடிய வந்து துலாவில் ஏறினார். மூச்சு கொஞ்சம் கனத்தது.

"அண்ணை, நேற்று முறிஞ்சுபோச்சே" என்று கீழே இருந்து சொன்னேன்.

"முறிய இதென்ன விரதமோ?" என்று மேலே இருந்து குரல் வந்தது. "விரதமெண்டால் முறியும். பாறணை வரும். இதுக்கு ஒண்டும் இல்லை. நேற்றுச் சாப்பிட்டன், இண்டைக்கு இண்டையச் சோறு. கொடியைப் பிடி."

நான் கொடியைப் பிடித்தேன்.

அதற்குப் பிறகு பல போகம் அவரோடு இறைத்தேன். அவர் மரத்திலிருந்து விழவில்லை. அவருடைய மூச்சை நான் கடைசி மட்டும் காது கொடுத்துக் கேட்டுக்கொண்டேதான் இருந்தேன், அந்தப் பழக்கம் போகவில்லை. ஆனால் அவரைக் கொண்டுபோனது நெஞ்சில்லை. ஒரு மாரியில் வந்த நெருப்புக்காய்ச்சல். மூத்த மகளுடைய கலியாணத்தைப் பார்த்து, பேரப்பிள்ளையைத் தூக்கிய பிறகு.

அவர் போன எட்டாம் நாள், எட்டுச் செலவன்று, அவர் விரும்பிச் சாப்பிட்டதெல்லாம் சமைத்துப் படைத்தார்கள். அறைக்குள் தலைவாழை இலை போட்டு, அண்ணி பக்கத்தில் இருந்து பரிமாறினார். சோறு ஒரு அகப்பை. கீரை நிறைய. மற்றக் கறிகள். ஒரு சின்னத் துண்டுப் பனங்கட்டி. மாமிக்கு அந்த இலை பிடிக்கவில்லை.

"இன்னும் போடு பிள்ளை. உயிரோடை இருக்கேக்கைதான் கட்டிக் காத்தனீ. இனியாவது வயிறு நிறையச் சாப்பிடட்டும்."

அண்ணி அகப்பையைச் சட்டிக்குள் வைத்தார். திரும்ப எடுக்கவில்லை. "இவ்வளவு காணும் மாமி."

எல்லாரும் வெளியே வந்தோம். அவர் வந்து சாப்பிட வேண்டும் என்று வழக்கப்படி அறைக் கதவைச் சாத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் திறந்துவிட்டு மற்றவர்கள் சாப்பிட இருக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டது, பிள்ளைகளுக்குப் பசி. மாமி கதவைத் திறக்கப் போனார். அண்ணி குறுக்கே கையை வைத்தார்.

"பொறுங்கோ மாமி. அவர் ஆறுதலாய்த்தான் சாப்பிடுவார்."

மாமி நிலத்தில் குந்தினார். முற்றம் நிறைய ஆட்கள் நின்றோம். அண்ணி கதவில் முதுகைச் சாய்த்துக்கொண்டு நின்றார். உள்ளே இலையில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. நாங்கள் காத்திருந்தோம்.

1948 ஆவணி 9ஆம் திகதி.